வானின் குளிர் எங்கே போயிற்று?

வவுனியாவிலிருந்து வாசக அன்பர் ஒருவர் நமக்கு நான்கு பக்கக் கடிதமொன்று வரைந்துள்ளார். ஓய்வுபெற்ற பின்னர் அவர் தமது பழைய டொயோட்டா ஹயேஸ் வானின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, மடித்து விரிக்கும் கட்டிலொன்றையும், பாத்திரம் பண்டம் வைக்கும் அலுமாரியையும், சிறு அடுப்பொன்றையும் அதனுள் அமைத்திருக்கின்றார். குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று, வேண்டிய இடத்தில் நிறுத்தி, வானிலேயே உண்டு உறங்கித் திரும்புவது அவருடைய நெடுநாளைய ஆசையாம். வானில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரட்டைக் குளிரூட்டி உண்டு. அதுதான் இப்பொழுது அவரை ஆட்டி வைக்கின்றது.

பதினொரு மாதங்களுள் மூன்று முறை காஸ் நிரப்பியாயிற்று. முதன்முறை நிரப்பிய குளிர் ஐந்து மாதம் நின்றது. இரண்டாம் முறை மூன்று மாதம். மூன்றாம் முறை ஏழு கிழமைதான். “இனிக் கொம்பிரசரையே மாற்ற வேண்டும்” என்று கராஜில் கூறிவிட்டார்கள். ஆடித் திருவிழாவுக்கு எண்பத்திரண்டு வயதுத் தாயாரையும், வெளிநாட்டிலிருந்து வரவிருக்கும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கதிர்காமம் போவதாக ஏற்பாடு. கொம்பிரசருக்குப் பணம் கட்டினால் பயணத்துக்குப் பணமில்லை. கட்டாவிட்டால் பகல் வெயிலில் தாயாரை இருத்திக்கொண்டு போக மனமில்லை. கடிதத்தின் கடைசியில் வேறு இரு செய்திகளையும் சேர்த்திருக்கின்றார்: கட்டில் பொருத்திய பின்னரே இத்தொல்லை தொடங்கியது என்பது ஒன்று; இரவில் இஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு உறங்கலாமா என்ற கேள்வி மற்றொன்று.

இது ஒருவருடைய கவலையன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்பும் வரியும் விலையும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவனவாக இல்லை. ஆகவே 1989 தொடக்கம் வெளிவந்து, நம்மவர் ‘டொல்பின்’ என்று செல்லப்பெயரிட்டு வளர்த்த அந்த வான்கள் இன்றும் நம் வீதிகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. முப்பது வயது கடந்த வண்டியின் குளிரூட்டி நோய்வாய்ப்படுவதில் வியப்பில்லை. நோயை அறியாமல் ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் ஊட்டுவதே வியப்பு.

முதலில் ஒன்றை ஐயந்திரிபறத் தெளிந்துகொள்ளல் வேண்டும். டீசல் எரிந்து தீர்வது. பிறேக் கட்டை தேய்ந்து தீர்வது. குளிரூட்டும் காஸோ எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. மூடிய குழாய்களுக்குள் நம் உடற்குருதிபோல் அது சுற்றிச் சுற்றி வருகின்றது. இறப்பர்க் குழாய்களினூடும், கொம்பிரசரின் அச்சுச் சீலினூடும் பல ஆண்டுகளிற் சிறிதளவு கசிந்து போவதுண்டு. ஆயின் ஏழு கிழமையிற் குளிர் அற்றுப் போகிறதென்றால் அந்தக் காஸ் தீர்ந்துவிடவில்லை. எங்கோ ஓட்டை வழியே வெளியேறிவிட்டது என்பதே பொருள்.

சில மாதங்களுக்கு முன் வேறொரு வேலையாகக் கராஜ் ஒன்றில் நாம் காத்திருந்தபோது கேட்ட சம்பாஷணை இது. “தம்பி, போன மாசந்தானே காஸ் அடிச்சது?” என்றார் வானுக்குச் சொந்தக்காரர். “ஓம் ஐயா. இந்த வெயிலுக்கு உது எவ்வளவு நாளைக்குக் காணும்? முடிஞ்சு போச்சு” என்றான் பையன். ஐயா தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். வெயிலுக்குக் காஸ் தீர்ந்துபோகும் என்ற அந்த ஒரு வாக்கியத்தினால் நம் நாட்டுக் குடும்பங்கள் ஆண்டுதோறும் இழக்கும் பணம் கொஞ்சநஞ்சமன்று என்பது நம் எண்ணம்.

மாணவ நேயர்களுக்காக இச்சாதனம் வேலை செய்யும் விதத்தை இரண்டொரு வரிகளிற் கூறிவிடுவோம். மண்பானையின் மேனியிற் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலுள்ள நீரின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகின்றது. பானை நீர் குளிர்கின்றது. வானிலும் அதே வித்தைதான். ஆர்-134ஏ என்னும் காஸ், திறந்த வெளியின் அமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும் இயல்புடையது. அமுக்கித் திரவமாக்கப்பட்ட அக்காஸ், எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் சிறு துவாரத்தாற் பீறி, கூலர் என்று கராஜ்காரர் கூறும் குளிர்ச்சுருளுட் புகுந்து கொதிக்கின்றது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை வானுக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளுகின்றது. பின்னர் கொம்பிரசர் அதனை உறிஞ்சி அமுக்கி, வெளியே உள்ள கண்டென்சருக்கு அனுப்ப, அங்கே வீதிக் காற்றிடம் வெப்பத்தை ஒப்படைத்துவிட்டு மீண்டும் திரவமாகின்றது. வழியில் டிரையர் என்னும் சிறு உருளை ஈரத்தையும் தூசையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரட்டைக் குளிரூட்டியில் கொம்பிரசர் ஒன்றே. குளிர்ச்சுருள்களும் வால்வுகளும் இவ்விரண்டு. இது நோயறிவதற்குப் பேருதவியாகும் என்பதைப் பின்னர் காண்போம்.

இனி வண்டியிடமே கேள்வி கேட்போம். குளிர் இல்லை என்பது ஒரே நோயன்று. அது எப்போது இல்லை, எவ்விடத்தில் இல்லை என்பதிலேயே விடை பெரும்பாலும் அடங்கியுள்ளது.

ஏ-9 வீதியில் வான் விரைந்து செல்லும்போது நல்ல குளிர். கிளிநொச்சிச் சந்தையடியில் நின்றவுடன் வெப்பக் காற்று. இவ்வாறாயின் குற்றவாளி கண்டென்சரே. ஓடும்போது வீதிக் காற்று தானாகவே அதன்மீது வீசுகின்றது. நிற்கும்போது விசிறி வீச வேண்டும். விசிறி சுற்றவில்லை, அல்லது தளர்ந்து சுற்றுகின்றது, அல்லது தகடுகளுக்கிடையே மண்ணும் பூச்சியும் அடைத்துக்கொண்டன. இதனைச் சோதிக்க ஓர் எளிய வழியுண்டு. இஞ்சின் ஓட, ஏசி ஓட, தோட்டக் குழாயினால் கண்டென்சர்மீது மெல்லிய தூறலாக நீரைத் தெளித்துப் பாருங்கள். இரண்டொரு நிமிடத்தில் உள்ளே குளிர் மீளுமானால் காஸுக்குக் குறைவில்லை. கண்டென்சரைக் கழுவி விசிறியைத் திருத்தினாற் போதும். வேகமான நீரைப் பீய்ச்சி அடித்தல் கூடாது. மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்துவிடும். கடலோரத்தில் வாழ்வோர் உப்புக் காற்று அத்தகடுகளை அரித்து மாவாக்கிவிடும் என்பதையும் மனத்திற் கொள்ளுதல் நன்று. பழைய வான்கள் சிலவற்றில் கண்டென்சர் முகப்பிலன்றித் தரையின் கீழே தனி விசிறிகளோடு தொங்கும். சேறு படிந்தால் கண்ணுக்கே தெரியாது.

புறப்பட்டு ஒரு மணி நேரம் அருமையான குளிர். பின்னர் காற்று வரவரக் குறைந்து, வருகின்ற காற்றிலும் குளிர் இல்லை. கால் மணி நேரம் நிறுத்தி வைத்துப் போட்டால் மறுபடியும் குளிர். இது குளிர்ச்சுருளில் பனி உறைந்து காற்று வழியை அடைத்த குறி. வெப்ப உணரி பழுதாயிருக்கலாம். சுருள்மீது தூசு மெத்தையாகப் படிந்திருக்கலாம். காற்றின் வேகம் குறையாமல், குளிர் மட்டும் சிறிது நேரம் வருவதும் போவதுமாக இருப்பின் அது வேறு நோய். உள்ளே புகுந்த நீரின் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் உறைந்து காஸின் வழியை மறிக்கின்றது, உருகியதும் வழிவிடுகின்றது.

முன்னே குளிர், பின்னே இல்லை. அல்லது பின்னே குளிர், முன்னே இல்லை என்றால் கொம்பிரசர் வேலை செய்கிறது என்பது வெளிப்படை. ஒரு பக்கத்தில் குளிர் உண்டானபோது கொம்பிரசரை மாற்று என்பாரிடம் காரணம் கேட்பதில் தவறில்லை. குளிராத பக்கத்தின் விசிறி, வால்வு, காற்று வழி ஆகியவற்றை முதலிற் பார்க்க வேண்டும். ஆயினும் காஸ் சிறிது குறைந்தபோதும் இரண்டில் ஒரு சுருளே முதலிற் பட்டினி கிடக்கும் என்பதையும் மறத்தலாகாது.

எங்கும் குளிர் இல்லையெனின், போனற்றைத் திறந்து அல்லது இருக்கையைத் தூக்கி, கொம்பிரசரின் முகத்தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏசியை அமுக்கியதும் ‘ணொக்’ என்ற ஓசையோடு தட்டுச் சுழல வேண்டும். சுழலவில்லையானால் பியூஸ், றிலே, அமுக்கச் சுவிச்சு, கம்பி இணைப்பு இவற்றில் ஒன்று காரணமாகலாம். காஸ் முற்றாக வெளியேறிய வண்டியிலும் அமுக்கச் சுவிச்சு மின்னைத் தடுத்துவிடும். கொம்பிரசர் வறண்டு அழியாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. சிலர் இச்சுவிச்சைக் கம்பியால் நேரே இணைத்துக் கொம்பிரசரை ஓட்டிக் காட்டுவர். அதனை அனுமதியாதீர்கள். (பெல்ற் ஓடும்போது குனிந்து பார்க்கும் சகோதரிகள் சேலைத் தலைப்பையும், சகோதரர்கள் தோட்சால்வையையும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்வாராக.)

வானை வீடாக மாற்றியவர்களுக்கு மாத்திரம் உரிய சில நோய்களும் உள. பின்பக்கக் குளிரூட்டி, குளிர்ந்த காற்றை வெளியே தள்ளுவதற்கு முன் உள்ளிருக்கும் காற்றை ஒரு சல்லடை வழியே இழுத்துக்கொள்ள வேண்டும். நம் தச்சர் அதனை அறியார். அழகிய அலுமாரி ஒன்றை அச்சல்லடையின் முன்னே நிறுத்திவிடுவார். இல்லையேல் மெத்தையும் தலையணையும் அதன்மேற் சாய்ந்துகொள்ளும். மூச்சுத் திணறிய சுருள் உறைந்துபோகும். நாம் பார்த்த வானொன்றில் அலுமாரிக் கதவைத் திறந்தவுடனே பின்பக்கம் குளிர்ந்தது! கதவில் அகன்ற பிரம்புச் சல்லடை ஒன்று பொருத்தியதோடு அந்த வைத்தியம் முடிந்தது.

குளிர்ச்சுருளிற் படியும் நீர் வெளியேறுதற்கென ஒரு மெல்லிய குழாய் உண்டு. கட்டிலின் கால் அதனை நசுக்கினால் நீர் தரைக்குள்ளே இறங்கும், மெத்தை நாறும், தகடு கறள் பிடிக்கும். வான் நின்ற இடத்தின் கீழே நிலத்தில் நீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாமல் உள்ளே ஈரமானால் குழாயைத் தேடுக.

மூன்றாவது, மின். விளக்கு, விசிறி, குளிர்ப்பெட்டி என்று இரண்டாவது பற்றரி ஒன்றைச் சேர்த்துக்கொண்ட வான்களில், அது வெறுமையாகும்போது ஒல்ரனேற்றரின் மின்னையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மின்னழுத்தம் வீழ்ந்தால் கொம்பிரசரின் மக்னெற் கிளச் இறுகப் பிடிக்காமல் வழுக்கும்; வழுக்கிச் சூடேறி எரிந்துபோதலும் உண்டு. காலையில் புறப்பட்ட முதல் ஒரு மணி நேரம் குளிர் மந்தமாயிருந்து பின்னர் சீராகுமானால், காஸைச் சந்தேகிப்பதற்கு முன் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவதாக உள்ளதே நம் வவுனியா அன்பருக்கு உரியது என்று எண்ணுகின்றோம். முன்னிருந்து பின்பக்கச் சுருளுக்குக் காஸ் செல்லும் நீண்ட அலுமினியக் குழாய்கள் பெரும்பாலான வான்களில் தரையின் கீழே ஓடுகின்றன. கட்டிலை அசையாமல் நிறுத்தத் தரையைத் துளைத்து நீண்ட ஆணிகளை முடுக்குவது வழக்கம். ஆணியின் நுனி குழாயைத் துளைக்காவிட்டாலும் சிறிது முட்டிக்கொண்டிருந்தாற் போதும். வண்டியின் அதிர்வில் நாளுக்கு நாள் உரசி, மயிரிழை போன்ற துவாரத்தை உண்டாக்கிவிடும். உரசல் வளர வளரத் துவாரமும் வளரும். ஐந்து மாதம் நின்ற குளிர் மூன்று மாதமாகி, மூன்று மாதம் ஏழு கிழமையாவதற்கு இதனிலும் பொருத்தமான காரணம் நமக்குத் தோன்றவில்லை. அன்பர் வானைப் பள்ளத்தின்மேல் ஏற்றிக் கட்டிலின் நேர் கீழே பார்ப்பாராக. காஸோடு எண்ணெயும் சுற்றி வருவதால் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேற் புழுதியும் ஒட்டியிருக்கும். அக்கறையைக் கழுவிவிட வேண்டாம்; கராஜ்காரருக்குக் காட்டிய பின்னரே கழுவுக.

கொம்பிரசர் மாற்றும் பேச்சையும் இதனோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கசிவைத் திருத்தாமல் காஸை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால், வெளியேறிய எண்ணெய் திரும்புவதில்லை. காஸ் குறைந்து ஓடும் நாட்களில், எஞ்சிய எண்ணெயும் கொம்பிரசருக்குச் சரிவரத் திரும்பாது. ஆகவே ஒரு ரூபா ஓட்டையைக் கவனியாமையால் நல்ல கொம்பிரசரும் உண்மையிலேயே கெட்டுப்போகும். கெட்டு இறுகிய கொம்பிரசரோ உலோகத் தூளைக் குழாயெங்கும் பரப்பிவிடும். அப்போது குழாய்களைக் கழுவாமலும் டிரையரை மாற்றாமலும் புதியதைப் பூட்டினால் புதியதும் விரைவில் அழியும். கொம்பிரசரை மாற்றுவதே முடிவானால், “மற்றவற்றை என்ன செய்வீர்கள்?” என்று கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

கராஜில் முதலிற் கேட்க வேண்டியது அமுக்கமானி. அது இல்லாமல் நோய் கூறுவது வெப்பமானி இல்லாமற் காய்ச்சல் அளப்பதை ஒக்கும். ஆர்-134ஏ நிரப்பிய வண்டியில், இஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்ற, விசிறி முழு வேகத்தில் ஓட, வெளிக்காற்று 30 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருக்கையில், தாழ்ந்த பக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 35 இறாத்தலும், உயர்ந்த பக்கம் ஏறத்தாழ 200 முதல் 230 இறாத்தலும் காட்டுதல் இயல்பு. இரண்டும் தாழ்ந்திருந்தால் காஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் காஸ் மிகுதி, அல்லது கண்டென்சர் குளிரவில்லை. தாழ வேண்டியது உயர்ந்தும் உயர வேண்டியது தாழ்ந்தும் இருப்பின், அப்போதே கொம்பிரசர் தேய்ந்துவிட்டதென்ற ஐயத்துக்கு இடமுண்டு. தாழ்ந்த பக்கம் வெற்றிடம்வரை இறங்கினால் எங்கோ அடைப்பு. இக்கணக்கை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனால் பேச்சின் போக்கே மாறிவிடும்.

டிரையரின் தலையிலோ அருகிலோ சிறு கண்ணாடி ஒன்று இருக்கும். அதிலே குமிழிகள் ஓடிக்கொண்டேயிருந்தால் காஸ் குறைவு என்பர், பெரும்பாலும் உண்மையே. ஆனால் குமிழியே இல்லாவிட்டால் நிறைவு என்று மகிழ்ந்துவிடக் கூடாது. மிகுதியாய் நிரம்பினாலும் குமிழி இராது. காஸ் அறவே இல்லாவிட்டாலும் இராது!

ஓட்டையைத் தேடுவதற்கு நைதரசனை நிரப்பிச் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தல் நம்பகமான முறை. ஒட்சிசனை ஒருபோதும் நிரப்புதல் ஆகாது. எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். துவாரமுள்ள குழாய்த் துண்டை வெட்டி நீக்கிப் புதியது ஒட்டி, திறந்த மூட்டுகளின் இறப்பர் வளையங்களையும் டிரையரையும் மாற்றி, வெற்றிடப் பம்பினால் அரை மணி நேரமாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிய பின்னரே காஸ் நிரப்ப வேண்டும். வெற்றிடத்தில் நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாய் வெளியேறும். அவசரப்பட்டுப் பத்து நிமிடத்தில் பம்பை நிறுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கும். காஸின் அளவும் கைமதிப்பன்று. வண்டியில் ஒட்டியுள்ள தாளிற் குறித்த கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்தே நிரப்புதல் முறை.

எந்தக் காஸ் என்பதிலும் விழிப்பு வேண்டும். 1990 களின் தொடக்கத்துக்கு முந்திய வண்டிகள் ஆர்-12 என்னும் குளோரோபுளோரோகாபனை நிரப்பி வந்தவை. அவ்வினக் காஸ்கள் வானுயரத்திலுள்ள ஓசோன் படையை அழிக்கக்கூடும் என்று மொலினா, றோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1974 இல் எடுத்துக் கூறினர். 1985 இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் படை பெரிதும் மெலிந்திருப்பது வெளியாயிற்று. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாகி, வளர்முக நாடுகளிலும் 2010 உடன் அக்காஸ்களின் காலம் முடிந்தது. அவ்விருவரும் பவுல் குருட்சன் என்பாரோடு 1995 இல் இரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தீண்டாது. ஆயினும் பூமியைச் சூடேற்றுவதில், நூறாண்டுக் கணக்கில், காபனீரொட்சைட்டைப்போல் ஆயிரத்து நானூறு மடங்குக்கு மேல் வல்லது. ஓட்டை வண்டிக்கு மீண்டும் மீண்டும் காஸ் நிரப்புவோர் தம் பணத்தை மட்டுமா காற்றில் விடுகின்றார்?

ஆர்-12 வண்டியைப் புதிய காஸுக்கு மாற்றும்போது பழைய கனிய எண்ணெய் அதனோடு கலவாது. உரிய எண்ணெய், உரிய வளையங்கள், உரிய டிரையர் இவற்றை இட்டு, பழைய அளவில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு பங்கு காஸே நிரப்ப வேண்டும். மலிவை நாடிச் சமையல் எரிவாயுவை நிரப்புவோரும் உலகில் உளர். குளிரும் என்பதென்னவோ மெய்தான். ஆனால் குளிர்ச்சுருள் இருப்பது நாம் உறங்கும் அறைக்குள். அங்கே கசிந்தால், அதே வானில் அடுப்பு மூட்டும் தாய்க்கு என்ன நேரும் என்பதைக் கூறவும் வேண்டுமோ? போலிக் காஸும் அத்தகையதே. 2011 இல் ஆர்-134ஏ என்ற பெயரில் விற்ற கலப்படக் காஸ், கப்பற் கொள்கலன்களின் குளிரூட்டிகளில் அலுமினியத்தோடு தாக்கமுற்று வெடித்ததில் வியட்நாமிலும் பிறேசிலிலும் தொழிலாளர் உயிரிழந்தனர். மலிவான விலைக்குச் சீட்டில்லாத உருளையிலிருந்து நிரப்ப முன்வருவோரிடமிருந்து விலகிக்கொள்வதே மேல்.

நிற்க. இரவு உறக்கத்தைப்பற்றிய கேள்விக்கு நம் விடை சுருக்கமானது: கூடாது. இஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு உறங்குதல் ஒருநாளும் கூடாது. யாத்திரைக் காலத்தில் வாகனத் தரிப்பிடங்களில் நள்ளிரவிலும் இஞ்சின்கள் உறுமிக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். உள்ளே குழந்தைகள் உறங்குகின்றன. புகைக்குழாயில் ஒரு வெடிப்பு, பின்கதவின் இறப்பரில் ஒரு கிழிவு, மின்கம்பி செலுத்தத் தரையிலிட்ட துளை ஒன்று. இவற்றுள் எதுவும் போதும், காபனோரொட்சைட்டு உள்ளே வருவதற்கு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். உறங்குபவர் தலைவலியையும் உணரார், விழிக்கவே மாட்டார். டீசல் இஞ்சினில் அவ்வாயு குறைவென்பது உண்மை. குறைவென்பது இல்லை என்பதாகாது. தம்முடைய வான் சுத்தமானதாயினும் பக்கத்தில் நிற்கும் வானின் புகையும் உள்ளே வரும் என்பதை மறவாதிருப்பது நன்று. வானில் உறங்குவோர் காபனோரொட்சைட்டு எச்சரிக்கை மணியொன்றை வாங்கிக் கட்டிலின் அருகே மாட்டிக்கொள்ளுதல் வேண்டும். அதே வானில் அடுப்பும் இருக்கின்றதல்லவா?

பற்றரியில் ஓடும் சிறு குளிரூட்டி உண்டே என்பர். கணக்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பன்னிரண்டு வோல்ற்று, நூறு அம்பியர்-மணிப் பற்றரியில் அடங்கியிருப்பது 1200 வாற்று-மணி. சாதாரண ஈயப் பற்றரியில் அதன் பாதியைத்தான் பழுதின்றி எடுக்கலாம். ஐந்நூறு வாற்று இழுக்கும் குளிரூட்டி ஒன்றேகால் மணி நேரத்தில் அதனைக் குடித்துவிடும். இருபது வாற்று விசிறியோ இரவு எட்டு மணி நேரம் ஓடினாலும் 160 வாற்று-மணிதான். ஆகவே வீட்டு வானில் இரவுக்கு விசிறியே உகந்தது. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கண்ணாடிகளைத் திறந்து நுளம்பு வலை தைத்து, ஒரு விசிறி காற்றை உள்ளே இழுக்கவும் மற்றொன்று வெளியே தள்ளவும் வைத்துவிட்டால் பெரியவர்களும் அயர்ந்து உறங்குவர்.

பகலில் நிறுத்தும் இடம் மரநிழலாயிருக்கட்டும். கூரையின் உட்புறத்தில் வெப்பங்கடத்தா அட்டையும் கண்ணாடிகளுக்குத் தடித்த வெள்ளைத் திரையும் இடுக. வெயிலில் நின்ற வானில் ஏறியவுடன் கதவுகளை இரண்டு நிமிடம் திறந்துவைத்துக் கொதிக்கும் காற்றை வெளியேற்றிய பின்னரே ஏசியைப் போடுக. பயணமில்லாத மாதங்களிலும் கிழமைக்கொரு முறை பத்து நிமிடமாவது அதனை ஓட்டிவிடுங்கள். கொம்பிரசரின் அச்சுச் சீல் எண்ணெய்ப் பசை காயாமல் இருந்தாலன்றிக் காஸைத் தாங்கி நிற்காது.